கேப்புல பூந்து போறதுக்கு முன்னாடி: சென்னைல புதுசா வண்டி ஓட்டறவங்களுக்கு

ஊர்ல இருந்து வேலைக்கு வந்து சென்னைல புதுசா வண்டி எடுத்தவங்களுக்கு முதல் வாரமே இது நடக்கும். கிண்டி பக்கம் சிக்னல் விழுந்து கார் எல்லாம் அப்படியே நிக்குது, நீங்களும் ஒரு காருக்குப் பின்னாடி ஒழுங்கா நிக்கறீங்க, ரெண்டு பக்கமும் வண்டிங்க சர்ரு சர்ருன்னு முன்னாடி போயிட்டே இருக்கு, பின்னாடி நிக்கறவர் ஹாரனை விடாம அடிச்சு "பாஸ் கேப்பு இருக்குல்ல, போங்க பாஸ்"ங்கறார். அந்த நிமிஷத்துல பதறிப்போய் உள்ள விட்டு கார் மிரரை உடைச்சவங்க, பஸ் பக்கத்துல சாஞ்சவங்க நிறைய பேரை எனக்குத் தெரியும். நான் பல்லாவரத்துல இருந்து துரைப்பாக்கத்துக்கு 200 அடி ரோட்டுல பதினொரு வருஷமா டெய்லி போயிட்டு வரேன், புதுசா ஓட்டறவங்களுக்கு இதை யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்லைங்கறது எனக்கு ரொம்ப நாளா உறுத்தல், அதான் தெரிஞ்ச வரைக்கும் முழுசா எழுதிடறேன்.

மொதல்ல சட்டம் பத்தி. கேப்பு இருக்குன்னு எப்படி வேணா பூந்து போற உரிமை நமக்கு யாரும் எழுதிக் குடுக்கல. மோட்டார் வாகன சட்டத்துல 2019ல திருத்தம் வந்தப்ப 184ஆவது பிரிவுல டேஞ்சரஸ் டிரைவிங்னா என்னென்னன்னு வரிசையா போட்டாங்க. சிக்னல் தாண்டறது, கைல ஃபோன் வச்சுக்கிட்டு ஓட்டறது, விதிக்கு மாறா ஓவர்டேக் பண்றது எல்லாம் அதுல வருது, முதல் தடவைக்கே 1000ல இருந்து 5000 ரூபா வரை ஃபைன், கோர்ட் நினைச்சா ஜெயில் கூட உண்டு. ஆக்சிடென்ட் கேஸ்னு ட்ரிப்யூனலுக்குப் போனாலும் உங்க பங்குக்கு தப்பு இருக்குன்னு முடிவானா அந்த அளவுக்கு இழப்பீட்டுல குறைச்சுடுவாங்க. ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ்ல 2014 ஜூலைல இருந்து இப்படி வண்டிங்களுக்கு நடுவுல பூந்து போறதை சட்டப்படி அனுமதிச்சிருக்காங்க, ஆனா 30 கிலோமீட்டர் ஸ்பீடுக்குள்ளதான் போகணும், ஸ்கூல் நேரத்துல ஸ்கூல் ஜோன்ல கூடாது, லேர்னர் லைசன்ஸ்காரங்களுக்கும் லைசன்ஸ் எடுத்து ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்களுக்கும் அனுமதியே கிடையாது. இத்தனைக்கும் அங்க லேன் எல்லாம் கோடு போட்ட மாதிரி நிக்கும். அதனால நான் சொல்றது, வண்டி எடுத்து முதல் மூணு மாசம் பூந்து போகவே போகாதீங்க. பின்னாடி எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் சரி.

சரி, வரிசைல நிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். காருக்கு நேர் பின்னாடி நடு சென்டர்ல ஒட்டி நிக்காதீங்க, பின்னாடி வர்றவன் பிரேக் பிடிக்கலன்னா ரெண்டு பம்பருக்கு நடுவுல நீங்கதான் மாட்டுவீங்க. காரோட ஒரு மூலைக்குப் பின்னாடி கொஞ்சம் தள்ளி, முன்னாடி கார் டயர் ரோட்டைத் தொடற இடம் கண்ணுக்குத் தெரியற தூரத்துல நில்லுங்க, ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச் பிடிச்சபடியே இருங்க, பின்னாடி ஒரு வண்டி வந்து நிக்கற வரைக்கும் மிரரைப் பாத்துட்டே இருங்க. யாராவது வேகமா வர்ற மாதிரி தெரிஞ்சா பக்கத்து கேப்புக்குள்ள நகர்ந்துடலாம், கேப்புங்கறது உயிர் காக்கவும் உதவும்.

மூணு மாசம் ஆச்சு, வண்டி கைக்கு வந்துடுச்சுன்னு தோணுதா? அடுத்த வேலை ஒரு இன்ச் டேப் எடுத்து உங்க வண்டிய அளக்கறது. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர் சுமார் 70 சென்டிமீட்டர் அகலம், புல்லட் 350 எல்லாம் 78 கிட்ட வரும், இது மிரர் சேர்க்காம. மிரரோட அளந்து பாருங்க, ஆபீஸ் பேக்கை சைடுல மாட்டற பழக்கம் இருந்தா அதையும் சேர்த்து அளங்க, பின்னாடி ஆள் உக்காந்தா அவங்க முட்டி எவ்வளவு வெளிய நீட்டுதுன்னும் பாருங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை காலைல காலி கிரவுண்டுக்குப் போய் ரெண்டு வரிசையா தண்ணி பாட்டிலை ஒரு மீட்டர் இடைவெளில வச்சு, பத்து மீட்டர் தூரம், நடக்கற ஸ்பீடுல, காலைத் தரைல வைக்காம போய்ப் பாருங்க. கியர் வண்டின்னா கிளட்ச்சை பாதி விட்டுப் பிடிச்சு, பின் பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போகணும், ஸ்கூட்டர்னா ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்தபடியே பின் பிரேக்கை லேசா இழுத்துப் பிடிக்கணும், ரெண்டுலயும் முன் பிரேக் மேல ரெண்டு விரல் ரெடியா இருக்கணும். கண்ணு பாட்டில் மேல போச்சுன்னா வண்டியும் பாட்டில் மேலதான் போகும், தூரமா கடைசி பாட்டிலுக்கு அந்தப் பக்கம் பாருங்க, தானா நேரா போகும். இருபது தடவை போய் ஒரு பாட்டில் கூட விழலன்னாதான் ரோட்டுல யோசிக்கணும். காலை ஊனி ஊனி தள்ளிக்கிட்டுப் போறவங்க கேப்புக்குள்ளதான் சாய்வாங்க, பக்கத்துல லாரி டயர் இருக்கும்போது சாய்ஞ்சா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல.

இப்ப கேப்பு எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம மெயின் ரோட்டுல ஒரு லேன் மூணரை மீட்டர். பஸ்ஸோட அகலம் ரெண்டரை மீட்டருக்கு கொஞ்சம் மேல, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார் சுமார் 1.7. ஒரு லேன்ல பஸ்ஸும் பக்கத்து லேன்ல காரும் ரெண்டும் நடு சென்டர்ல நின்னா நடுவுல 1.3 மீட்டர் கிடைக்கும், ரெண்டு பக்க மிரரையும் கழிச்சா ஒரு மீட்டர் கூட தேறாது, அதாவது உங்க ஹேண்டிலுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் கூட இல்ல. பக்கத்துல பக்கத்துல ரெண்டு பஸ் நின்னா மிரரைக் கழிக்கறதுக்கு முன்னாடியே 90 சென்டிமீட்டர்தான். அதுவும் ரெண்டும் லேன் நடுவுல நின்னா, நம்ம ஊர்ல எந்த பஸ் நடுவுல நிக்குது? அதனால பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல, தண்ணி லாரி பக்கத்துல ஒருநாளும் கூடாது. பெரிய கார்களோட மிரர் கிட்டத்தட்ட உங்க ஹேண்டில் உயரத்துலயே இருக்கும், அந்த மாதிரி ரெண்டு கார் பக்கத்துல பக்கத்துல நின்னா அங்கயும் வேண்டாம். உங்க மிரரை மடிச்சு வச்சுட்டு போலாமான்னு சிலர் கேப்பாங்க, பின்னாடி வர்றது தெரியாம ஓட்டறது இதை விட ஆபத்து.

அடுத்தது ஸ்பீடு, என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இதுலதான் இருக்கு. 15 கிலோமீட்டர்ல போனா ஒரு நொடிக்கு நாலு மீட்டர் போவீங்க, அதாவது சுமார் ஒரு காரோட நீளம். 30ல போனா ரெண்டு கார். 50ல போனா மூணரை கார். யாராவது கதவைத் திறந்தா உங்க மூளை பாத்துப் புரிஞ்சு விரல் பிரேக்கை அழுத்தவே ஒரு நொடி கிட்ட ஆயிடும், அந்த நொடில நீங்க தாண்டற தூரம்தான் இது, பிரேக் பிடிச்சு நிக்கற தூரம் இதுக்கு மேல. அதனால நின்னுட்டு இருக்கற ட்ராஃபிக்ல போகும்போது மனசுக்குள்ள ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போங்க, ஒரு எண்ணுக்கு ஒரு கார் தாண்டினா சரி, ரெண்டு கார் தாண்டினீங்கன்னா குறைங்க. ட்ராஃபிக் ஊர்ந்துக்கிட்டு இருந்தா அதை விட பத்து கிலோமீட்டர் கூடுதலா, அவ்வளவுதான். ட்ராஃபிக் 30க்கு மேல ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னா பூந்து போறதை நிறுத்திட்டு ஏதாவது ஒரு லேன்ல ஒரு காருக்குப் பின்னாடி போய் சேர்ந்துக்கோங்க. கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி ஆளுங்க 2015ல சுமார் 6000 பைக் ஆக்சிடென்டை எடுத்துப் பாத்தாங்க, ட்ராஃபிக் 80க்கு மேல போகாம, பைக்காரரும் அதை விட 24 கிலோமீட்டருக்கு மேல கூடுதலா போகாம இருந்த வரைக்கும் பூந்து போனவங்களுக்கு அடி கம்மியாதான் பட்டிருக்கு, வித்தியாசம் கூடக் கூட அடியும் கூடியிருக்கு. அது அந்த ஊர் ரோட்டுக் கணக்கு, அங்க ஷேர் ஆட்டோ இல்ல, நடு ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கறவங்க இல்ல. அதனால அந்த நம்பரை எடுத்துக்கிட்டு இங்க ஓட்டாதீங்க, ஸ்பீடு வித்தியாசம்தான் அடி படறதுக்குக் காரணம்ங்கற விஷயத்தை மட்டும் எடுத்துக்கோங்க.

உள்ள நுழையறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: வெளிய எங்க வருவேன்? கேப்பு இங்க ஆரம்பிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியுது, அது எங்க முடியுதுன்னு பாக்கறவங்க கம்மி. நாலாவது கார் பக்கத்துல ஒரு ஆட்டோ குறுக்கால மூக்கை விட்டு நிக்கும், நீங்க உள்ள போய் மாட்டிக்கிட்டு முன்னாடியும் போக முடியாம பின்னாடியும் வர முடியாம நிப்பீங்க, அப்ப கரெக்டா பச்சை விழும். அதனால மூணு கார் மூணு காரா பிரிச்சுக்கோங்க. மூணு கார் தாண்டி ஒதுங்க ஒரு இடம் தெரிஞ்சா போங்க, அங்க போய் அடுத்த மூணைப் பாருங்க, இடம் தெரியலன்னா போகாதீங்க. முன்னாடி ஒருத்தர் போறாரேன்னு அவர் பின்னாடியே கண்ணை மூடிட்டுப் போறது ரொம்ப தப்பு, அவர் வண்டி அகலம் வேற உங்க வண்டி அகலம் வேற, அவரைப் பாத்து ஒதுங்கின கார்காரர் அவர் போனதும் பழையபடி உள்ள வருவார். டெலிவரி பசங்க பின்னாடி போகவே போகாதீங்க, அவங்களுக்கு இருக்கற அவசரம் உங்களுக்கு இல்ல, பாவம் அவங்களுக்கும் அது வேண்டாம்.

உள்ள போனதும் கண்ணு எங்க இருக்கணும்? இண்டிகேட்டரை நம்பாதீங்க, முன் டயரைப் பாருங்க. கார் நகர்றதுக்கு முன்னாடி முன் டயர் திரும்பும், அதுதான் உண்மையான இண்டிகேட்டர். பின் கண்ணாடி வழியா டிரைவரோட தலை தெரிஞ்சா அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க. ஒரு லேன் நிக்குது, பக்கத்து லேன் நகருது, அந்த நகர்ற லேன்ல ஒரு கார் அளவு இடம் காலியாகுதுன்னா, நிக்கற லேன்ல இருந்து ஒருத்தர் சட்டுன்னு அதுக்குள்ள வருவார், நிச்சயம் வருவார், அவர் வர்ற வழில நீங்க இருக்கக் கூடாது. நான் பாத்த இடிகள்ல பாதி இதுதான். ஆட்டோக்காரங்க வெளிய தலையை நீட்டிப் பாத்தா திரும்பப் போறாங்கன்னு அர்த்தம், ரோட்டோரமா கையைக் காட்டி ஒருத்தர் நிக்கறார்னா ஆட்டோவும் ஷேர் ஆட்டோவும் எந்த லேன்ல இருந்தாலும் அங்க போய் நிக்கும்.

கார் கதவு பத்தி என் கதையே சொல்றேன். வேளச்சேரில விஜயநகர் பக்கம் ஒரு சாயங்காலம், ட்ராஃபிக் சுத்தமா நின்னுடுச்சு, நான் காருங்களுக்கு இடது பக்கமா இருபதுல போயிட்டு இருந்தேன். ஒரு கால் டாக்ஸில பின் சீட்டுல இருந்த அம்மா நடந்தே போயிடலாம்னு கதவைத் திறந்தாங்க. பிரேக் பிடிச்சேன், நின்னும் இருப்பேன், இன்னும் ஒரு அரை மீட்டர் வேணும், கதவோட விளிம்புல என் வலது கை போய் மோதுச்சு, சுண்டு விரல் ஒடிஞ்சு ஆறு வாரம் கட்டு. அந்தம்மா மேல எனக்கு கோவம் இல்ல, ஜாம்ல நிக்கற டாக்ஸில இருந்து இறங்கறது இயல்புதான், நான்தான் பாத்திருக்கணும். இன்னைக்கு மஞ்சள் போர்டு வண்டி பின் சீட்டுல ஆள் குனியறது, பையை மடில எடுத்து வைக்கறது, உள்ள லைட்டு எரியறது, இதுல எது தெரிஞ்சாலும் அந்த காரைத் தாண்டும்போது நடக்கற ஸ்பீடுக்கு வந்துடறேன், முன் பிரேக்குல விரல் எப்பவும் இருக்கு.

பஸ் பத்தி தனியா சொல்லணும். எங்க சித்தப்பா பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வேலைல இருந்தப்ப ஒரு தடவை, கடைசி ஸ்டாப்புல வண்டிய நிறுத்திட்டு என்னை அவர் சீட்டுல உக்கார வச்சார். "மிரரை பாத்துட்டே இரு, நான் எங்க இருக்கேன்னு சொல்லு"ன்னுட்டு இறங்கி பஸ்ஸைச் சுத்தி நடந்தார். வலது பக்கம் நல்லா தெரிஞ்சார். பின்னாடி போனார், காணோம். இடது பக்கம் வந்தப்ப மிரர்ல தூரத்துல தெரிஞ்சார், முன் படிக்கட்டு கிட்ட வந்ததும் மறைஞ்சே போயிட்டார், ஒரு ஆள் முழுசா. அப்புறம் பஸ் முன்னாடி பம்பரை ஒட்டி வந்து நின்னு "இப்ப தெரியுதாடா"ன்னார். "தலை மட்டும் தெரியுது சித்தப்பா." "நான் நிக்கறேன், அதான் தலை தெரியுது. ஸ்கூட்டில உக்காந்திருந்தா?"

நான் ஒண்ணும் பேசல. அன்னைல இருந்து சிக்னல்ல பஸ்ஸுக்கு நேர் முன்னாடி ஒட்டிப் போய் நிக்கறதை விட்டுட்டேன். நீங்களும் நிக்காதீங்க, ஒரு கார் நீளமாவது முன்னாடி இருக்கணும், இல்லன்னா பஸ்ஸுக்குப் பின்னாடியே இருங்க. மிரர்ல டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலன்னா நீங்க அவருக்குத் தெரியல. தாண்டியே ஆகணும்னா வலது பக்கமா, டிரைவர் உக்கார்ற பக்கமா தாண்டுங்க. இடது பக்கம் கண்ணு மறையறது மட்டும் இல்ல, ஸ்டாப்புக்கு இருபது அடி முன்னாடியே படியில இருந்து குதிக்கறவங்க, சிக்னல்ல ஏற ஓடி வர்ற காலேஜ் பசங்க எல்லாரும் அந்த கேப்புக்குள்ளதான் கால் வைப்பாங்க. பஸ்ஸோ லாரியோ இடது பக்கம் திரும்பும்போது முன் டயர் போன வழில பின் டயர் போகாது, உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும், முன்னாடி இடம் இருக்கேன்னு இடது பக்கம் போய் நின்னவங்க மேல ஏறறது அந்த பின் டயர்தான்.

சிக்னல் கிட்ட வரும்போது கவுன்ட் டவுன் இருந்தா பாருங்க, பத்து செகண்டுக்குள்ளன்னா புதுசா எந்த கேப்புக்குள்ளயும் போகாதீங்க, இருக்கற இடத்துல ஒரு லேன்ல சேர்ந்துக்கோங்க. முன்னாடி வந்துட்டீங்கன்னா ஸ்டாப் லைனுக்குப் பின்னாடியே நில்லுங்க, ஜீப்ரா கிராசிங் மேல வண்டிய ஏத்தி நிறுத்தினா நடக்கறவங்க ஓடற வண்டிக்கு நடுவுல இறங்கிப் போக வேண்டி வரும். பச்சை விழுந்ததும் கிளம்பணும், ஆனா ரெண்டு பக்கமும் பாத்துட்டு, நம்ம ஊர்ல சிவப்பு விழுந்த பின்னாடியும் ரெண்டு வண்டியாவது வரும்.

சில இடத்துல கேப்பு இருந்தாலும் இல்லன்னு நினைச்சுக்கோங்க. மெட்ரோ வேலை நடக்கற இடத்துல பேரிகேடுக்கும் காருக்கும் நடுவுல இருக்கறது (அங்க ரோட்டுல இரும்புத் தகடு போட்டிருப்பாங்க, மழைல சோப்பு மாதிரி வழுக்கும்), மீடியன்ல திரும்பறதுக்கு விட்டிருக்கற இடைவெளி கிட்ட, மேம்பாலம் இறங்கற இடம், மீடியன் ஓரமா மணல் சேர்ந்திருக்கற பட்டை. மழை பெஞ்சா லேன் கோடு மேலயே வழுக்கும், பூந்து போறப்ப டயர் சரியா அந்த வெள்ளைக் கோடு மேலயும் அதுல பதிச்சிருக்கற ரிஃப்ளெக்டர் மேலயும்தான் போகும், அதனால மழைன்னா வேண்டவே வேண்டாம். முதல் மழை அன்னைக்கு ரோட்டுல இருக்கற ஆயில் எல்லாம் மேல வரும், அன்னைக்கு ரெண்டு மடங்கு ஜாக்கிரதை.

பின்னாடி ஆள் இருந்தா, முக்கியமா குழந்தை இருந்தா, வரிசைலயே நில்லுங்க. முட்டி வெளிய நீட்டும், துப்பட்டா, சேலைத் தலைப்பு பக்கத்து வண்டில மாட்டும், பிரேக் பிடிச்சா ரெண்டு பேர் வெயிட்டு. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை போட்டது, ஸ்ட்ராப் மாட்டி, தாடைக்குக் கீழ ரெண்டு விரலுக்கு மேல போகாத மாதிரி இறுக்கி, ரெண்டு பேருக்கும். 2022ல மட்டும் நாடு முழுக்க ரோட்டுல 1,68,491 பேர் போயிட்டாங்க, அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல டூவீலர்ல இருந்தவங்க, விபத்து எண்ணிக்கைல அந்த வருஷம் தமிழ்நாடுதான் முதல் இடம். ஒவ்வொரு தடவை அந்த நம்பரைப் பாக்கும்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

யாராவது விழுந்து கிடந்தா தாண்டிப் போயிடாதீங்க. 108க்கு ஃபோன் போடுங்க, பின்னாடி வர்ற வண்டிங்களுக்கு கையைக் காட்டுங்க, மூச்சு விட்டுட்டு இருந்தா ஹெல்மெட்டை நீங்களா இழுத்துக் கழட்டாதீங்க, கழுத்துல அடி பட்டிருக்கலாம். போலீஸ் கேஸ்னு பயப்பட வேண்டாம், நல்லெண்ணத்தோட உதவி பண்றவங்களுக்குன்னே 2019 திருத்தத்துல 134ஏ பிரிவு சேர்த்து பாதுகாப்பு குடுத்திருக்காங்க.

கிரவுண்டுல பாட்டில் பயிற்சி முடிஞ்சதும் முதல் வாரம் இப்படி வச்சுக்கோங்க. நீங்க டெய்லி போற வழில நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு சிக்னலை எடுத்துக்கோங்க, பஸ் கம்மியா வர்ற சிக்னலா இருக்கட்டும். எல்லா வண்டியும் முழுசா நின்ன பின்னாடி மட்டும், காருக்கும் காருக்கும் நடுவுல, மூணு கார் மட்டும் எண்ணிக்கிட்டே தாண்டி, ஒதுங்கி நில்லுங்க. மத்த சிக்னல் எல்லாம் வரிசைதான். பின்னாடி ஒருத்தர் அவசரமா ஹாரன் அடிச்சா கிடைக்கற இடத்துல ஒதுங்கி கையைக் காட்டி அவரைப் போக விட்டுட்டு, அப்புறம் உங்க மூணு காரைத் தொடருங்க.